‘சிஜியில் பார்த்துக்கலாம்’ என்று சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கதையில் நாயகன் உள்ளங்கையில் நெருப்பை வரவழைக்கிறான். ஆறு ஆள் உயர அரக்கனோடு மோதுகிறான். படிக்கும்போது இரண்டும் கண்முன் வந்து நிற்கின்றன. திரையிலும் அப்படி நிற்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் சிஜியில், அதாவது கணினி கிராபிக்ஸில், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், பாதிக்கு மேல் வேலை படப்பிடிப்புத் தளத்திலேயே முடிந்துவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நெருப்பு. கிராபிக்ஸில் தீ எவ்வளவு அழகாக வந்தாலும், அதன் வெளிச்சம் அவன் முகத்தில் விழவில்லை என்றால் ஒட்டவைத்ததுபோலத்தான் தெரியும். நடிகரின் உள்ளங்கையில் ஒரு சின்ன எல்இடி விளக்கைக் கட்டுங்கள். ஒயர் சட்டைக் கைக்குள் போகட்டும். நிறம் 2000 கெல்வினை ஒட்டி, அதாவது மெழுகுவத்திச் சுடர்போல் ஆரஞ்சாக, இருக்கட்டும், சீராக எரியாமல் துடிக்கட்டும். விளக்கு கேமராவில் தெரிந்தாலும் பரவாயில்லை, பிறகு வரும் தீ அதை மூடிவிடும். கைக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு ஏறும். கை அசைய அசைய மூக்கின் நிழல் இடம் மாறும், கண்மணியில் ஒரு பொட்டு மின்னும். இத்தனையும் அந்தச் சின்ன விளக்கு தானாகத் தந்துவிடும். அதை விட்டுவிட்டால், விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 5 விநாடி ஷாட்டில் 120 ஃபிரேம். ஃபிரேம் ஃபிரேமாக முகத்தைப் பிரித்தெடுத்து வெளிச்சம் பூச வேண்டிவரும். அப்போதும் தளத்து விளக்கு போட்ட நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

அரக்கனுக்கு எடைதான் உயிர். ஆறு மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் ஆகும். அவனுடைய நடைக்கும் கைவீச்சுக்கும் இதே கணக்குதான்: மனிதன் 1 விநாடியில் வீசும் கையை அவன் இரண்டரை விநாடியில் வீச வேண்டும். இது தெரியாமல் ஸ்டன்ட் மாஸ்டர் நாயகனின் வேகத்துக்கே அடிகளைக் கோத்துவிட்டால், அரக்கன் ரப்பர் பொம்மையாகிவிடுவான். அதனால் அவரையும் அனிமேட்டரையும் ஒத்திகைக்கு முன்பே ஒன்றாக உட்கார வையுங்கள். கேமரா மனிதக் கண் உயரத்திலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். காரணமில்லாமல் அவன் மார்பளவுக்கு ஏறினால் அவன் சிறுத்துப்போவான். அவன் காலடி தெளிவாகவும் தலை லேசான புகைமூட்டத்திலும் தெரிந்தால் உயரம் கூடும். இன்னொன்று, பார்வை. உயரமான கம்பின் நுனியில் ஒரு பந்தைக் கட்டி, எல்லா நடிகர்களையும் அதையே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு உயரத்தில் பார்க்கும் ஷாட்டை எந்த கிராபிக்ஸாலும் காப்பாற்றுவது கடினம்.

பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காகக் கட்டும் பச்சைத் திரைக்கும் நடிகருக்கும் நடுவே 10 அடியாவது விடுங்கள். பளபளக்கும் கவசம் பச்சையை அப்படியே வாங்கிக் காட்டும். ஆகவே நடிகருக்குப் பின்னால் தேவையான அளவுக்கு மட்டும் பச்சை போதும், மற்ற பக்கங்களில் கறுப்புத் துணி கட்டுங்கள்.

ஷட்டர் பற்றி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்பது பற்றி, ஒரு வார்த்தை. விநாடிக்கு 24 ஃபிரேமில் ஷட்டர் கோணம் 180 டிகிரி என்றால் ஒரு ஃபிரேமுக்கு 1/48 விநாடி; அசைவு இயல்பாகக் குழையும். 45 டிகிரிக்குக் குறைத்தால் தெறிக்கும் மண் துகள்கூடத் துல்லியமாக நிற்கும், அசைவு வெட்டி வெட்டி வரும். ஓரிரு அடிகளுக்கு அது அருமை. சண்டை முழுக்க வைத்தால் கண் அலுத்துவிடும்.

கேமராவும் விளக்கும் வைத்த ஒவ்வொரு செட்டப்பும் முடிந்ததும், நடிகர் நின்ற இடத்தில் சாம்பல் நிறப் பந்தையும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பந்தையும் பிடித்து 10 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதை கிராபிக்ஸ் குழு அதிலிருந்துதான் படிக்கும். லென்ஸ், கேமரா உயரம், நடிகரின் தூரம் மூன்றையும் உடனே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஷாட்டுக்கு எல்லோரும் அவசரப்படுவார்கள். நீங்கள் அசையாதீர்கள், தம்பி.

அன்புடன்,
ஒளிப்பதிவு, கிராபிக்ஸ் நண்பர்கள்