ரெசிபியில சர்க்கரையைக் குறைங்க: பாக்கெட் உணவு, பான கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாட்டில் பானம், பிஸ்கட், சீரியல், ஃப்ளேவர் போட்ட தயிர்னு அடைச்சு விக்கிற கம்பெனிகள்ல ரெசிபியை முடிவு பண்ற இடத்துல இருக்கறவங்களுக்கு வணக்கம்.

தயவுசெஞ்சு இந்த லெட்டரை விளம்பர டிபார்ட்மெண்ட்டுக்கு தள்ளி விட்டுடாதீங்க, அங்கேருந்து "அளவா சாப்பிடுங்க, ஓடியாடி விளையாடுங்க"ன்னு தான் பதில் வரும், அது எங்களுக்கு மனப்பாடம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, இப்ப விக்கிற அதே சரக்குல, அதே பேர்ல, சர்க்கரையை படிப்படியா குறைங்க. பக்கத்துல தனியா ஒரு சர்க்கரை இல்லாத 'ஜீரோ' பாட்டிலை கொண்டு வந்து வச்சுட்டு கடமை முடிஞ்சுதுன்னு போயிடாதீங்க.

உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லியாச்சு, நாம சேர்க்கிற சர்க்கரை, தேன், சிரப், ஜூஸ்ல இருக்கறது எல்லாம் சேர்த்து மொத்த கலோரியில 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்கு கீழ போனா இன்னும் நல்லதுன்னு. அந்த 5 சதவீதம் ஒரு பெரியவருக்கு சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். சாதாரண கோலா 330 மில்லி கேன் ஒண்ணுலயே 35 கிராம் இருக்கு, அதாவது சாப்பாடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அன்னிக்கு கோட்டா காலி. குடிக்கிற சர்க்கரையில வயிறு நிறைஞ்ச மாதிரியே தெரியாது, ஆனா அந்த சர்க்கரையில இருக்கற ஃப்ரக்டோஸ்ங்கற பகுதி பெரும்பாலும் லிவருக்கு போகும், அளவு மீறி தினமும் போனா அங்கேயே கொழுப்பா படியும். பல்லு கதை தனி. வாய்ல இருக்கற பாக்டீரியா சர்க்கரையை தின்னு ஆசிட் விடுது, பிஹெச் (குறைய குறைய ஆசிட் ஜாஸ்தின்னு காட்டற அளவு) 5.5க்கு கீழ இறங்கினா பல்லோட மேல் உறையான எனாமல் கரைய ஆரம்பிக்குது, அதனால ஒரே மூச்சுல குடிக்கறதை விட ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கிட்டே இருக்கறது தான் பல்லுக்கு மோசம்.

சரி, குறைச்சா பலன் இருக்கான்னு கேப்பீங்க. பிரிட்டன்ல போர்க்காலத்துல வந்த சர்க்கரை ரேஷன், அதாவது ஆளுக்கு இவ்வளவு தான்ங்கற கட்டுப்பாடு, 1953 செப்டம்பர்ல முடிஞ்சுது, முடிஞ்ச கையோட ஆளுக்கு நாளைக்கு 40 கிராம் மாதிரி இருந்தது 80க்கு ஏறிடுச்சு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி பின்னாடி பிறந்தவங்களை ஒப்பிட்டு 2024ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துது. அம்மா வயித்துல இருந்தப்பவும் முதல் ரெண்டு வருஷமும் ரேஷன்ல கழிச்சவங்களுக்கு பிற்காலத்துல டைப் 2 சுகர் வர்ற ஆபத்து சுமார் 35 சதவீதம் கம்மி, பிபி வர்ற ஆபத்து 20 சதவீதம் கம்மி. அந்த அம்மாக்கள் யாரும் மனசை அடக்கி டயட் இருக்கல சார், கடையில கிடைச்சதே அவ்வளவு தான்! அதனால தான் எங்களுக்கு அட்வைஸ் பண்றதை விட்டுட்டு உங்க ஃபேக்டரியில கை வைங்கன்னு சொல்றேன்.

உடம்பு விஷயத்துல "அது அவங்கவங்க விருப்பம்"னு நழுவிடலாம், நிலத்தை என்ன பண்ணுவீங்க? ஒரு கிலோ கரும்பு சர்க்கரைக்கு உலக சராசரியா 1780 லிட்டர் தண்ணி கணக்கு ஆகுது, மழை, பாசனம், கழிவை நீர்த்துப் போக வைக்க வேண்டியது எல்லாம் சேர்த்து. அப்படின்னா அந்த 35 கிராமுக்கு 60 லிட்டருக்கு மேல, கேன்ல ஊத்தறது என்னவோ 330 மில்லி தான். இது போக அறுவடைக்கு முன்னாடி தோகையை கொளுத்தற புகை, வயல்லேர்ந்து வழிஞ்சு ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை வரைக்கும் போற நைட்ரஜன் உரம். மத்திய அமெரிக்காவுல எல் சால்வடார், நிகரகுவா பக்கம் கொளுத்தற வெயில்ல கரும்பு வெட்டற இளவயசு ஆளுங்களுக்கே கிட்னி போகுது, சூடும் உடம்புல தண்ணி வத்தறதும் முக்கிய காரணம்னு சொல்றாங்க.

அதுக்காக நீங்க குறைச்ச உடனே ஆறெல்லாம் நிறைஞ்சிடும்னு கதை விட மாட்டேன், மிச்சமாகற கரும்பு எத்தனாலுக்கு போனா தண்ணி செலவு அப்படியே தான் நிக்கும், அது அரசாங்கங்க கிட்ட தனியா போட வேண்டிய சண்டை. விவசாயிக்கும் பயிர் மாத்த டைம் வேணும், படிப்படியான்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"ருசி மாறினா யாரும் வாங்க மாட்டாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. பிரிட்டன்ல 2016ல பானங்களுக்கு சர்க்கரை வரி அறிவிச்சாங்க, 100 மில்லிக்கு 5 கிராம் வந்தா வரி, 8 வந்தா இன்னும் அதிகம், 2018 ஏப்ரல்ல தான் அமலுக்கு வந்துது, அதுக்குள்ள ஏகப்பட்ட கம்பெனிங்க ரெசிபியை மாத்தி 5க்கு கீழ இறக்கிட்டாங்க. வரின்னா முடியுது, இல்லேன்னா முடியலையா? ஆனா அதுல நிறைய பேர் செயற்கை இனிப்பை கொட்டி ஈடு கட்டினது எனக்கு பிடிக்கல, எடை குறைக்க அதை நம்பாதீங்கன்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு, இனிப்பு அதே அளவுல இருந்தா குறைஞ்ச இனிப்புக்கு நாக்கு எப்படி பழகும்?

அப்புறம் அந்த லேபிள் வேலை. சேர்மானப் பட்டியல்ல எடை அதிகமா இருக்கறது முதல்ல வரணும், அதுல சர்க்கரை மேல வந்துடக் கூடாதுன்னு சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ்னு மூணு பேர்ல உடைச்சு கீழ தள்ளி விடறீங்களே, அதை நிறுத்திட்டு மொத்தம் எத்தனை கிராம்னு பாக்கெட் முன்பக்கம் பெருசா போடுங்க.

ரெண்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க சீரியல்லேர்ந்து ஆரம்பிங்க, அதுல சேர்க்கிற சர்க்கரை பூஜ்யமா இருக்கட்டும். மத்ததுக்கு எந்த வருஷம் எத்தனை கிராம்னு ஒரு அட்டவணை போட்டு வெளியிடுங்க.

இப்படிக்கு,
பாக்கெட்டை திருப்பி பொடி எழுத்தை படிக்கிற ஒரு கஸ்டமர்