குப்பையைத்தான் கேட்கிறோம்

ஏட்டுச்சுவடிகளைத் துப்புரவாக்கி ஸ்கான் செய்யும் பணியை நடத்தும் குழுவினருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

இரண்டாம் தொகுதிக் கட்டுகளும் துடைத்து, எண்ணெய் பூசி, படம் எடுத்து முடிந்துவிட்டன. படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன; அதில் எவருக்கும் குறை இல்லை. ஆனால் துடைத்த பஞ்சும், கட்டுகளிலிருந்து கழற்றிய பழைய கயிறுகளும், சுற்றுத்துணியின் அடியில் கிடந்த ஓலைத் துகள்களும் அன்று மாலையே பின்வளவில் குவித்துக் கொளுத்தப்பட்டன. இந்த மடல் அந்தக் குப்பையைப் பற்றியது.

அதில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.யைப் பார்ப்பதற்காக, அதை எறியாமல் தாருங்கள் என்று முதல் தொகுதி தொடங்க முன்னரே எழுத்தில் கேட்டிருந்தோம். “மாதிரி எடுப்பதென்றால் ஏட்டை வெட்ட வேண்டிவரும், அனுமதிக்க முடியாது” என்று பதில் வந்தது. ஏட்டை வெட்டக்கூடாது என்பதில் நாங்கள் உங்களைவிடப் பிடிவாதக்காரர். வெட்டச் சொல்லி எந்த வரியில் கேட்டோம் என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம்.

இங்கிலாந்தின் யோர்க் ஆய்வாளர்களும் தோற்சுவடிகளை வெட்டவில்லை. தோலில் படிந்த அழுக்கை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து எடுப்பது அங்கே சுவடி காப்பவர்களின் பழைய வழக்கம். தேய்க்கும்போது உதிர்வதை எறியாமல் தாருங்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தத் துகளில் ஒட்டிவந்த, தோலுக்கே உரிய கொலாஜன் புரதத்தைக் கொண்டே அது கன்றா, வெள்ளாடா, செம்மறியா என்று பிரித்து 2015 இல் வெளியிட்டார்கள். 2017 இல் அதே வகைத் துகளில் இருந்த டி.என்.ஏ.யை வாசித்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான யோர்க் நற்செய்திச் சுவடி பெரும்பாலும் கன்றுத்தோல் என்று தெரிந்தது. குருமார் சத்தியம் செய்து முத்தமிட்ட பக்கங்களில் மனிதரிடமிருந்து வந்த டி.என்.ஏ. கூடுதலாக இருந்ததும் தெரிந்தது. 2020 இல் வேறொரு குழுவினர், பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் துணுக்குகள் பெரும்பாலும் செம்மறித்தோல் என்று டி.என்.ஏ.யைக் கொண்டு கண்டார்கள். விவிலியத்தின் எரேமியா நூலின் சில துணுக்குகள் மட்டும் மாட்டுத்தோலாக இருந்தன. சுருள்கள் கிடைத்த இடம் மாடு வளர்க்கத் தோதில்லாத பாலைநிலம் என்றபடியால் அவை வெளியே இருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஓலை தோல் அல்ல, ஒப்புக்கொள்கிறோம். அதில் கொலாஜன் இல்லை. அவித்துக் காயவைத்துப் பாடம் பண்ணும்போதே டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும், எங்கள் புழுக்கம் மிச்சத்தையும் தின்னும். சில கட்டுகளில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எழுதியவர் யார், எந்த ஆண்டு என்றும் அது சொல்லாது. ஆனால் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியின் டி.என்.ஏ. ஒவ்வொரு கலத்திலும் பல படிகளாக இருப்பதால், நூறு டி.என்.ஏ. எழுத்துக்கும் குறைந்த துண்டுகளாகவேனும் தப்பியிருக்க வாய்ப்புண்டு. ஓலை எங்கள் பனையினதா, சிங்களத்தில் ‘தல’ எனப்படும் தாளிப்பனையினதா என்று பார்க்க அது உதவும். யாழ்ப்பாணத்துக் கட்டு ஒன்றில் தாளிப்பனை ஓலை இருந்தால், அந்த ஓலை எந்த வழியால் வந்தது என்ற கேள்வி உடனே எழும்.

இதில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏட்டைத் துடைக்கும் ஸ்பிரிட் டி.என்.ஏ.யை அழித்துவிடும் என்று நாங்கள் குறை சொல்லவில்லை, அழிக்காது. கேடு செய்வது ஒற்றைப் பஞ்சு. முதல் ஏட்டில் தோய்ந்த பஞ்சு இருபதாவது ஏடு வரை போகிறது. முதலாவதின் அழுக்கு இருபதாவதில் பூசப்படுகிறது. பிறகு அதே பஞ்சு அடுத்த கட்டுக்கும் போகிறது. எழுத்தைத் துலக்கக் கரியோடு பச்சிலைச் சாறும் சேர்த்தால், அந்தச் செடியின் புத்தம்புதிய டி.என்.ஏ. ஓலையின் பழைய துண்டுகளை அமுக்கிவிடும். பழையதை இனங்காண ஓர் அடையாளம் உண்டு: துண்டுகளின் நுனிகளில் சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்து சிதைந்து, தைமின் என்ற வேறோர் எழுத்துப்போல வாசிக்கப்படும். அந்த அடையாளம் எது புதிது என்று சொல்லுமே தவிர, எந்தக் கட்டின் அழுக்கு எந்தக் கட்டுக்குப் போனது என்று சொல்லாது.

ஆகவே, துடைக்க முதல் எடுங்கள். கட்டுக்குக் கட்டு புதிய நைட்ரைல் கையுறை, வாய்க்கு முகக்கவசம், குளோரினால் துடைத்துப் பின் தண்ணீரால் துடைத்த மேசை. ஏட்டின் விளிம்பிலும் துளையைச் சுற்றியும் உலர்ந்த கிருமியற்ற பஞ்சுக்குச்சியை ஒருமுறை உருட்டி 2 மில்லிலீற்றர் ரியூப்பில் போட வேண்டும். எழுத்துள்ள இடம் வேண்டாம். அழிறப்பரும் வேண்டாம், கீறலில் நிற்கும் கரி கிளம்பிவிடும். நாளுக்கு ஒரு குச்சியை எதிலும் தொடாமல் திறந்து மூடி வெற்று மாதிரியாக வைக்க வேண்டும். அது இல்லையென்றால் மற்றவை எதையும் நம்ப முடியாது. பழைய கயிறு தனித்தாள் உறையில், சிலிக்கா ஜெல்லோடு. பொலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். மின்வெட்டில் உருகி உருகி உறையும் குளிர்ப்பெட்டியைவிட உலர்ந்த பெட்டி மேல்.

கயிற்றைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஏட்டைத் துடைக்கலாம், கயிற்றை எவரும் துடைத்ததில்லை. புரட்டிய கைகளின் எண்ணெய், விளக்குப் புகை, துளைவண்டின் கழிவு எல்லாம் அந்தக் கறுத்த நூலிலேயே இறுகிக் கிடக்கின்றன. புதுக்கயிறு அழகாக இருக்கிறது என்று பழையதைக் கொளுத்தியிருக்கிறீர்கள். 1981 இல் நூலகத்தோடு சுவடிகள் எரிந்ததை நினைவுகூரும் ஊரில், பின்வளவில் நெருப்பு மூட்டுவதற்கு ஒருதரம் யோசித்திருக்கலாம்.

விழாவில் பொன்னாடையோடு ஏடுகளை வெறுங்கையால் தூக்கிப் படமெடுத்த பெரியவர்களுக்கும் நன்றி. யோர்க்கில் முத்தமிட்ட குருமாரின் தடயம் போல, எங்கள் ஏடுகளிலும் பிற்காலத்தவர்கள் முதலில் கண்டெடுக்கப்போவது அவர்களைத்தான்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: குப்பையை எறியாதீர்கள். மூன்றாம் தொகுதி இன்னும் அவிழ்க்கப்படவில்லை என்று அறிகிறோம். கயிறு கழற்றும் அன்று காலை ஒருவரை அனுப்பத் தயவுசெய்து அனுமதி தாருங்கள். கையுறை, குச்சி, ரியூப், உறை எல்லாம் அவரே கொண்டுவருவார். உங்களிடம் ஒரு மேசையின் ஓரம் மட்டும் போதும்.