அச்சில் ஐம்பது பிரதியாவது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரும் ஜனவரி முதல் நம் நூலகர் சங்கச் செய்திமடல் இணையத்தில் மட்டுமே வெளிவரும் என்ற அறிவிப்பைச் சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். இணையத்துக்குப் போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தாள் விலையும் அச்சுக்கூலியும் ஏறிக் கிடக்கும்போது பழைய சந்தாவை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தபாலில் அனுப்புவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். 'மட்டுமே' என்ற சொல்லைப் படித்ததும்தான் மனது கேட்கவில்லை.

நாம் இணையத்துக்குப் போவது இது முதல் தடவை இல்லை. 2008 வாக்கில் சங்கத்துக்கு ஓர் இணையதளம் தொடங்கியது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். இதழில் இடம் போதாத செய்திகளை அதில் போட்டோம். பயிலரங்கக் கட்டுரைகள், மாவட்டக் கிளைகளின் கூட்டக் குறிப்புகள், மறைந்த நூலகர்களுக்கான அஞ்சலிகள் எல்லாம் அதில்தான் வந்தன. தளத்தின் முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்த நண்பர் வேலை மாறி வெளிமாநிலம் போனார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் அவர் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் தளமே இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் போய்த் தேடினேன். முகப்பும் தலைப்புகளும் கிடைத்தன. தலைப்பைத் தட்டினால் பிடிஎஃப் வரவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசிரியரைப் பற்றி நான் எழுதிய அஞ்சலியும் அதோடு போயிற்று. அன்றைய செயற்குழுவில் நானும் ஒருவன். ஒரு பிரதி அச்செடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்று வரை அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் இதழைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற எழுத்துருக்களை வைத்துத் தயாரித்தோம். அந்தக் கோப்புகள் இன்னமும் சங்க அலுவலகத்தில் குறுந்தகடுகளில் இருக்கின்றன. அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கொட்டுகிறது. சில தகடுகள் திறக்கவே இல்லை. எந்தக் கணினியிலும் தமிழ் சரியாகத் தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது 2010-இல்தான். அதற்கு முன் நாம் தட்டச்சு செய்ததையெல்லாம் இனி ஒவ்வொன்றாக மாற்றி, பிழை திருத்தி எடுக்க வேண்டும். அதே இதழ்களின் அச்சுப் பிரதிகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, அவ்வளவுதான். போன வருடம், என்னோடு வேலை பார்த்த உதவியாளர் ஒருவருக்கு ஓய்வூதியக் கணக்கில் தகராறு வந்தது. அவர் தேடிய அரசாணையின் விவரம் எங்கள் பழைய இதழ் ஒன்றில்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம், நூலகர்களான நாமே மறந்துவிடக் கூடாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களையும் பருவ இதழ்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது அச்சிட்டவற்றைப் பற்றித்தான். அச்சை நிறுத்தினால் கன்னிமாராவுக்கு அனுப்ப நம் கையில் எதுவும் இருக்காது. நாளைக்கு ஒரு மாணவர் தமிழ்நாட்டு நூலகர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தால், நம் இதழ்கள் ஒரு வருடத்தோடு அறுந்து நிற்பதைத்தான் பார்ப்பார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கோட்டையூர். ரோஜா முத்தையா செட்டியார் அங்கேதான் புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். சென்னையில் 1994-இல் அவர் பெயரில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மேல் எழுந்ததுதான். அச்சடித்த நேரத்தில் அந்த நோட்டீஸ்களுக்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்? நம் செய்திமடலில் வரும் பணிமாறுதல் செய்தியும் கிளைக் கூட்டக் குறிப்பும் அந்த ரகம்தான்.

செலவுக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாத இதழாக இருந்தவரை, தபால் துறையில் பத்திரிகைப் பதிவு இருந்ததால் 50 கிராமுக்குள் அடங்கும் பிரதிக்குத் தபால் கட்டணம் 25 காசாகத்தான் இருந்தது. இதழ் 31 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வந்தால்தான் அந்தச் சலுகை கிடைத்தது. சிக்கனமாக இருக்கட்டும் என்று அதை இருமாத இதழாக மாற்றினோம். சலுகை போய்விட்டது. புக் போஸ்ட்டில் முதல் 50 கிராமுக்கே 4 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவை இழுத்துவிட்டுக்கொண்டோம். நாலு பக்கம், மாதம் ஒரு முறை, மறுபடி பத்திரிகைப் பதிவு என்று போனால் என்ன ஆகும் என்பதைச் செயற்குழு கணக்குப் போட்டுப் பார்த்ததா? பார்த்திருந்தால் அந்தக் கணக்கை அடுத்த இதழில் வெளியிடுங்கள். உறுப்பினர்கள் புரிந்துகொள்வார்கள்.

இணைய இதழைப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிப்பார்கள். மூன்று பத்தியாகப் பிரித்த பெரிய பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விரலால் இழுத்து இழுத்தே கண் வலிக்கும். என் வயதுக்காரர்கள் இரண்டாம் பக்கத்தோடு விட்டுவிடுவார்கள். ஒரே பத்தி, பெரிய எழுத்து, யூனிகோடு என்று முதல் இதழிலிருந்தே முடிவு செய்துவிடுங்கள். இணையப் பதிப்புக்குத் தனி ஐஎஸ்எஸ்என் (பருவ இதழ்களுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கவும் மறக்க வேண்டாம். அச்சிதழின் எண் இதற்குச் செல்லாது.

ஊர்ப்புற நூலகர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பலருக்கும் சங்கத்தோடு உள்ள ஒரே தொடர்பு தபாலில் வரும் இந்த மடல்தான். நூலக மேசையில் அது கிடந்தால் பேப்பர் படிக்க வருகிறவர்களும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறார்கள். பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பும் இதில்தான் வருகிறது. மின்னஞ்சல் பார்க்காத உறுப்பினருக்குக் கூட்டம் நடக்கப் போவதே தெரியாமல் போனால் அது சரியா?

என் கோரிக்கை பெரியதில்லை. அச்சில் வேண்டும் என்று எழுதிக் கேட்பவர்களுக்கு, தேவையென்றால் கூடுதல் சந்தா வாங்கிக்கொண்டு, அச்சிதழ் அனுப்புங்கள். அதற்கு மேல் ஐம்பது பிரதி அடியுங்கள். இப்போதெல்லாம் டிஜிட்டல் அச்சில் ஐம்பதும் நூறும்கூட அடித்துத் தருகிறார்கள். அதில் சட்டப்படி போக வேண்டிய நூலகங்களுக்குப் போனது போக, மாவட்ட மைய நூலகங்களுக்கும் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் அனுப்புங்கள். ஒவ்வோர் இதழுக்கும் முடியாதென்றால் வருடத்துக்கு ஒரு தொகுப்பாவது பைண்டு செய்யுங்கள். அமெரிக்காவின் கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர் 2009-இல் அச்சு நாளிதழை நிறுத்தியபோதுகூட வாரப் பதிப்பு ஒன்றை அச்சில் தொடங்கி நடத்தியது. தளத்தின் முகவரி எந்தத் தனிநபர் பெயரிலும் இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயரில், இரண்டு பொறுப்பாளர்களுக்கு நினைவூட்டல் போகும்படி இருக்க வேண்டும்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்யப் போவதாகவும் அறிவிப்பில் இருந்தது. அதைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். என்னிடம் 1987 முதல் உள்ள இதழ்கள் பைண்டு செய்து பத்திரமாக இருக்கின்றன. எடுத்துக்கொண்டு நானே அலுவலகத்துக்கு வருகிறேன். ஸ்கேன் செய்யப் பைண்டிங்கைப் பிரிக்க வேண்டாம், அது ஒன்றுதான் நான் கேட்பது. 1991 மார்ச், 1994 நவம்பர் இதழ்கள் மட்டும் என்னிடம் இல்லை. வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்துக்குத் தெரிவித்தால் தொகுப்பு முழுமையாகும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
காரைக்குடி