பாக்கெட்டில் "பாதி போதை", கிளாஸில் முழு பீர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் லெமனேட் பவுடர் பாக்கெட்டில் உள்ள தவறான செய்முறை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வீட்டிலேயே ஷாண்டி (பீரும் லெமனேட் என்ற எலுமிச்சைப் பானமும் சம அளவில் கலந்தது) செய்யலாம் என்று போட்டிருந்ததை நம்பி, போன சனிக்கிழமை உங்கள் லெமனேட் பவுடரை வாங்கினேன். பாக்கெட்டின் பின்பக்கம் இரண்டே வரி: "ஒரு கிளாஸ் பீரில் இரண்டு ஸ்பூன் பவுடர் போட்டுக் கலக்கவும். பாதி போதை, முழுப் புத்துணர்ச்சி." இரண்டு வரியுமே தவறு.

ஸ்பூனைக் கவிழ்த்ததுமே நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. பீரில் கரைந்திருக்கும் கேஸ், சர்க்கரைத் துகள்களைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் வெளியேறிவிடுகிறது. கிளாஸில் மிஞ்சியதில் விறுவிறுப்பே இல்லை. அடியில் கரையாத சர்க்கரை தங்கி நின்றது. இதுகூடப் பரவாயில்லை, துடைத்துவிட்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது இரண்டாவது வரி. ஷாண்டியில் போதை குறைவதற்குக் காரணம், கிளாஸில் பாதி லெமனேட் என்பதுதான். 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீரில் அதே அளவு லெமனேட் சேர்த்தால் 2.5 சதவீதம் ஆகும். பவுடரைப் போட்டால் எது குறையும்? அன்று என் மைத்துனர் இரண்டு கிளாஸ், அதாவது 500 மி.லி. குடித்தார். அதில் இருந்தது 25 மி.லி. ஆல்கஹால். பன்னிரண்டரைதான் என்று நினைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்துவிட்டார். "பாதிதானே மாமா, நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க" என்றார். ஆமாம், அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு இங்கேயே தங்கவைத்தேன். சரியாகக் கலந்த ஷாண்டியைக் குடித்தாலும் வண்டி எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். அதைப் பற்றியும் உங்கள் பாக்கெட்டில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் உங்கள் பவுடரை ஒதுக்கிவிட்டு நானே செய்து பார்த்தேன். 50 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவைத்தேன். 60 மி.லி. எலுமிச்சைச் சாற்றைச் சக்கை இல்லாமல் வடிகட்டி அதில் சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு 400 மி.லி. குளிர்ந்த சோடா. கிளாஸில் பாதிவரை இந்த லெமனேட், அதன்மேல் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றிய குளிர்ந்த பீர். நுரை இரண்டு விரல் உயரத்தோடு நின்றுவிட்டது. பீரின் கசப்பும் எலுமிச்சையின் புளிப்பும் ஒன்றையொன்று அமுக்காமல் நாக்கில் நின்றன. வேலை இவ்வளவுதான். இதை அச்சிட உங்கள் பாக்கெட்டில் தாராளமாக இடம் இருக்கிறது.

பவுடரை முதலில் தண்ணீரிலோ சோடாவிலோ கரைக்க வேண்டும், அதன் பிறகே சம அளவு பீர் என்று செய்முறையைத் திருத்துங்கள். "பாதி போதை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கலந்த பிறகு எத்தனை சதவீதம் இருக்கும் என்பதையும், குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் முன்பக்கத்தில் போடுங்கள். ஏற்கெனவே கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுங்கள், அல்லது அந்த வரியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பணத்தைத் திருப்பித் தருவது அப்புறம் இருக்கட்டும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பாக்கெட்டின் இரண்டு பக்கப் படங்களையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்