யாழ். மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறுவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும் நாடாளுமன்றத்திலும் வடக்கின் புகையிரத சேவை குறித்து நீங்கள் எழுப்பும் கேள்விகளைப் பத்திரிகைகளில் வாசித்து வருகிறேன். அந்த அக்கறைக்கு முதற்கண் நன்றி. எனினும் அக்கேள்விகளிற் பெரும்பாலானவை கொழும்பில் தொடங்கிக் கொழும்பிலேயே முடிந்துவிடுகின்றன. மாதத்தில் ஒருமுறை கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகிறவருக்காகப் பேசும் நீங்கள், மீசாலையிலும் கொடிகாமத்திலும் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கவேண்டிய அன்றாடப் பயணிகளுக்காகவும் பேசவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1956இல் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே ஓடத் தொடங்கிய யாழ்தேவி வண்டி போரினால் 1990இல் நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போனதைக் கண்ட தலைமுறை எங்களுடையது. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தபோது, கோச்சியைப் பார்க்கவென்றே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிலையங்களுக்குப் போனோம். பாதை வந்துவிட்டது, ஆனால் அதன் ஓரத்தில் வாழ்பவர்களின் நேரத்துக்கு அதில் வண்டி ஓடுவது அரிதாகவே இருக்கிறது.

நான் பல ஆண்டுகளாக மீசாலையிலிருந்து கிளிநொச்சி அலுவலகமொன்றுக்குப் போய்வருபவன். காலை 8.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுவதற்குள் கையொப்பமிடவேண்டும் என்பதற்காக, "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று நடத்துநர் நெருக்க, மினிபஸ் மிதிபலகையில் ஒற்றைக்காலை ஊன்றியபடி ஏ-9 வீதியைக் கடந்த நாள்கள் ஏராளம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு எல்லோரையும் வீட்டில் முடக்கியபோது, காங்கேசன்துறைக்கும் கிளிநொச்சிக்குத் தெற்கேயுள்ள முறிகண்டிக்கும் இடையே 'யாழ் ராணி' என்ற உள்ளூர் வண்டி விடப்பட்டது. நிலையத்து வேம்பின் கீழ் சைக்கிள்கள் ஒன்றன்மேலொன்றாகச் சாய்ந்து கிடக்க, வேர்வை படாத சட்டையோடு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். உள்ளூர் வண்டிக்கு ஆள் சேராது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஒற்றைப் பாதையென்பதால் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களிலேயே விலகிச் செல்லவேண்டும் என்று அதிகாரிகள் விளக்குவார்கள். அது உண்மைதான். ஆனால் வவுனியாவுக்கு வடக்கே நாளொன்றுக்கு ஓடும் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருக்கையில், அலுவலக நேரத்துக்கும், அறிவியல்நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீட மாணவரின் விரிவுரை நேரத்துக்கும் பொருந்தக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நிலையான வண்டிகளுக்கு இடம் காண்பது நேரசூசியைத் திருத்தும் வேலையேயன்றி, கோடிகள் கேட்கும் வேலையன்று. இரண்டு பெட்டிகள் கொண்ட றெயில்பஸ்கூடப் போதும். மாலை வண்டி 4.15க்குப் பின்னர் புறப்படவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். அலுவலகம் விடுவதற்கு முன்பே கிளம்பிவிடும் வண்டியால் எவருக்கும் பயனில்லை.

வண்டிகள் கூடினால் புகையிரதக் கடவைகளும் கவனிக்கப்படவேண்டும். எங்கள் ஊர்க் கடவையில் கிடுகுக் கொட்டிலொன்றில் அமர்ந்திருக்கும் காவலாளி, தூரத்தில் ஊதும் சத்தத்தைக் காதால் கேட்டே கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். மழைநாளில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்பதில்லை என்று அவரே சொன்னார். சொற்பக் கொடுப்பனவில் இவ்வேலையைச் செய்வோர் நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியதை நீங்கள் அறிவீர்கள். புதிய வண்டி கேட்கும் அதே கடிதத்தில் மணியும் விளக்கும் கொண்ட தடுப்புகளையும் இவர்களுக்கான நியமனத்தையும் கேளுங்கள்.

புகையிரதம் மாகாண சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. ஆகவே இதைக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்களே. கட்சி வேறுபாடுகளை நான் அறிவேன், அவற்றை விட்டுவிடுங்கள் என்று கேட்கவுமில்லை. ஆறு பேரும் ஒரே நேரசூசி முன்மொழிவில் கையொப்பமிட்டு, அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் புகையிரதத் திணைக்கள அதிகாரிகளின் முன் அதனை வைத்து, எழுத்துமூலமான பதிலைத் திகதியுடன் பெற்றுத் தாருங்கள்.

இப்படிக்கு,
மீசாலைப் பயணி ஒருவன்