சுவரின் வயதைக் கேட்டுவிட்டுப் பூச்சுக் கரண்டியை எடுங்கள்

எங்கள் மாவட்டக் கட்டடப் பொறியாளர், ஒப்பந்ததாரர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் நடத்திய கட்டுமானப் பொருள் கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எங்கள் வீட்டு மேற்கு அறையில் பெயர்ந்து விழுந்த பூச்சின் சில்லு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. அதன் ஒரு பக்கத்தில் சிமெண்டும், பட்டி எனும் வெள்ளை மாப்பூச்சும், பெயிண்டும். மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த செம்மண். பதினோரு அரங்குகளில் அதை எடுத்துக் காட்டி, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஏழு பேர் நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து டப்பாவைக் காட்டினார்கள். மூன்று பேர் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடச் சொன்னார்கள். கடைசி அரங்கில் இருந்த இளம் பொறியாளர், "இந்த வீட்டை இன்னும் இடிக்காமலா வைத்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்துதான் கேட்டார்.

பதினோரு பேரில் ஒருவர்கூட அந்தச் சுவர் எந்த ஆண்டு எழும்பியது என்று கேட்கவில்லை. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

எங்களுடையது காங்கேயம் வட்டத்தில், தோட்டத்துக்குள் இருக்கும் தொட்டிக்கட்டு வீடு; நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். என் அப்பாரு, அப்பாவின் அப்பா, 1926இல் கட்டியது. கல் கடைக்கால், மண் சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை, மேலே ஓடு. கோவை அருகே மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930களில்தான். கட்டியபோது அந்த வீட்டில் ஒரு பிடி சிமெண்ட்கூடச் சேரவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குச் சுவரில் சாரலை அறையும். ஐப்பசி மழையில் கடைக்கால் ஓரம் தண்ணீர் நிற்கும். சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு விட்டுவிடும். தை நோம்பிக்கு வெள்ளையடிப்போம். மறு ஆண்டும் அப்படியே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் அறையில் காரை அங்கங்கே பொரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஓர் ஒப்பந்ததாரரை அழைத்தேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். என் வழக்கு ஒரு மனிதரோடு அல்ல. அவர் நல்ல மனிதர்தான், சொன்ன நாளுக்கு வந்தார், சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பழைய காரை முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையைப் பூசினார். அதன்மேல் இரண்டு கை பட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட். தரையில் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார். இனிமேல் வெள்ளையடிக்கும் வேலையே இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றார். மொத்தம் 1,85,000 ரூபாய். என் ஓய்வூதியச் சேமிப்பு.

முதல் ஐப்பசியில் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறியது. அடுத்த ஆண்டு பெயிண்ட் கொப்பளித்து, கொப்பளத்துக்குள் உப்புப் பூத்தது. கொப்பளத்தைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். ஓதம் இடுப்புக்கு ஏறியது. மூன்றாம் ஆண்டுக் கார்த்திகையில் ஓர் இரவு, ஒன்றரை மணி இருக்கும், கதவுப் பலகை அளவுக்குப் பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து அம்மாவின் கட்டில்மேல் விழுந்தது. அம்மா அப்போது கழிப்பறைக்கு எழுந்து போயிருந்தார். நான் ஓடிவந்து விளக்கைப் போட்டபோது, தலையணை இருந்த இடத்தில் பாளம் கிடந்தது. பின்னால் தெரிந்த மண் சுவரை விரலால் தொட்டேன். பிசைந்து வைத்த மாவைப்போல விரல் உள்ளே போனது.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. இரண்டு கண்களிலும் பார்வை மங்கல். அந்த அறைக்கு மருமகளாக வந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இரவில் எழுந்தால் விளக்குப் போடமாட்டார். இடது கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நடப்பார். கதவு எங்கே, மாடம் எங்கே, படி எங்கே என்பதெல்லாம் அவருடைய கண்ணைவிடக் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். பூச்சு விழுந்த நாளிலிருந்து அம்மா ஆசாரத்தில், அதாவது கூடத்தில், படுக்கிறார். அங்கிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியும் அதே மேற்குச் சுவர் ஓரம்தான். கையை வைத்தால் உப்பும் மண்ணும் உள்ளங்கையில் அப்பிக்கொள்கின்றன. அதனால் கையை எடுத்துவிட்டார். சுவரைத் தொடாமல் நடக்கப் பயந்து, மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். சித்திரை வெயிலிலும் குடிக்கவில்லை. வைகாசியில் நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தோம். ஒரு பூச்சு வேலை எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள்.

இதில் உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. மண் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் காரை வழியாக வெளியேறிக் காயும். வரும் உப்பைக் காரை தாங்கிக்கொண்டு தான் உதிர்ந்து, உள்ளே இருக்கும் சுவரைக் காப்பாற்றும். உதிர்ந்ததை ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளை ஈடுகட்டும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. தரையிலும் டைல்ஸ் போட்டு மூடிவிட்டால் தரைக்கடியில் இருக்கும் ஈரமும் சுவரைத் தேடித்தான் வரும். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வழியாக ஊதச் சொல்லி, அது பால்போல் மாறுவதை எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பூசிய காரை காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாவதும் அதே வினைதான். அதைக் கற்பித்த நானே, என் வீட்டுச் சுவரைக் கொத்தியபோது வாய் திறக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் கரண்டி உங்கள் கையில் இருந்தது.

சுண்ணாம்பு வேலையைப் பாட்டி வைத்தியம்போல ஒதுக்கிவிடாதீர்கள். கட்டடச் சுண்ணாம்புக்கென்றே ஐஎஸ் 712 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கலாம்.

ஆகவே நான் முதலில் கேட்பது இதுதான். எந்தப் பழுது வேலைக்கும் நீங்கள் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரிகள் சேருங்கள்: வீடு எந்த ஆண்டுக் கட்டடம், சுவர் எதனால் ஆனது, அதன்மேல் எதை, ஏன் பூசப்போகிறீர்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள். இந்த மூன்று வரியை எழுத வேண்டும் என்றாலே, எழுதுகிறவர் சுவரை ஒருமுறையாவது தட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஆண்டைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும் என்பதை நம் பக்கத்து வீடுகளே சொல்லும். எழுபதுகளில் சிமெண்ட் மூட்டைக்குப் பர்மிட் வாங்க அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கியது. அதற்கு முந்திய வீடுகளில் பலவற்றில் சிமெண்டைக் கஞ்சத்தனமாகத்தான் செலவழித்திருப்பார்கள். அடியில் மண்ணோ சுண்ணாம்போ இருக்கும், முகப்பில் மட்டும் சிமெண்ட் இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும், ஓரத்தில் ஒரு விரற்கடை கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஈரோட்டில் இருக்கும் என் அண்ணன் வீடு 1984இல் கட்டியது. அதன் நோய் வேறு. கூரையில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிகிறது. கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான தரவிதி ஐஎஸ் 456. அங்கே ஒரு விரல் கனம்கூட இல்லை. கட்டும்போது ஊற்றியதும் உப்புக் கிணற்றுத் தண்ணீர். பழுதுபார்க்க வந்தவர் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே சிமெண்டை அப்பிவிட்டுப் போனார். ஒன்பது மாதத்தில் அதுவும் விழுந்தது. கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி, துருவை முழுக்க எடுத்து, கம்பிக்குக் காப்புப் பூசி, அதற்குப் பிறகுதான் கலவை வைக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதா? அண்ணன் மகள் திருப்பூரில் கட்டியது புத்தம் புதிய வீடு. தூணும் கல் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வலை வைக்காததால் மேலிருந்து கீழே கோடுபோட்டதுபோல் விரிசல். நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டில் போட்ட கூரைக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். நான்காம் நாளே ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று வீடு, மூன்று வயது, மூன்று நோய். மூன்றுக்கும் எழுதப்பட்ட மருந்து ஒன்றே: சிமெண்டும் மேலே ஒரு டப்பாவும்.

கோபம் வருகிறது, மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஐம்பது மைல் சுற்றளவுக்குள் எத்தனை தொட்டிக்கட்டு வீடுகள் இருந்தன என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்று அவற்றை இடித்தெடுத்த தேக்கு உத்தரமும் கல்தூணும் பழைய சாமான் கடைகளில் விலை எழுதி நிற்கின்றன. வாரிசுகளின் பாகப்பிரிவினைச் சண்டையும் காரணம், நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் காரணம். எல்லாப் பழியையும் உங்கள்மேல் போடவில்லை. ஆனால் இடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒரு குடும்பம் கடைசியாக உங்களைத்தான் அழைக்கிறது. நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்த வீடு நிற்கிறது அல்லது விழுகிறது. இடித்துக் கட்டினால் ஒப்பந்தம் பெரியது, பழுதுபார்த்தால் சிறியது. அந்தக் கணக்கு உங்கள் வார்த்தைக்குள் நுழையக்கூடாது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

பல மாதத் தேடலுக்குப் பிறகு, மூலனூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர், எழுபத்தெட்டு வயது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த வருசத்துக் கட்டடம்?" என்பதுதான். பிறகு விரலைச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்து உப்பைப் பார்த்தார். சிமெண்ட் முழுவதையும் எடுக்கச் சொன்னார், தரை டைல்ஸையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டி எடுக்கச் சொன்னார். கோடை முழுவதும் சுவரை வெறுமையாகக் காயவிட்டார். அதற்குள் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கடியில் வைத்துப் புளிக்கவிட்டோம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துக் கலவை தயாரானது. மெல்லிய மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றையும் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிப் பூசினார். பாதிச் சுவர் முடிந்தபோது அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சாரத்தில் ஏற முடியவில்லை. அவர் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். சுண்ணாம்புக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த ஐப்பசி மழை முடிந்துவிட்டது. பெரியவர் பூசிய பாதி காய்ந்து நிற்கிறது. பூசாத பாதியில் சாக்குப் படுதா தொங்குகிறது. அம்மா காய்ந்த பாதிவரை கையைச் சுவரில் வைத்து நடக்கிறார். படுதா தொடங்கும் இடத்தில் நின்று என்னைக் கூப்பிடுகிறார்.

மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டுத் தாளில் அந்த மூன்று வரிகளை உங்கள் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். அடுத்த கண்காட்சியில் பெரியவரைப்போல எஞ்சியிருக்கும் சுண்ணாம்புக் கொத்தனார்களைத் தேடி அழைத்து, வாடகை வாங்காமல் ஓர் அரங்கு கொடுங்கள். உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளை நாலு நாள் அவர்களோடு விடுங்கள்.

தை நோம்பி முடிந்ததும் மீதிச் சுவரைத் தொடங்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித் தருவார். சாரத்தில் ஏறிப் பூச இரண்டு இளைஞர்கள் வேண்டும். உங்கள் உறுப்பினர் யாரிடமாவது கற்றுக்கொள்ள விருப்பமுள்ள ஆட்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள். கொத்தனாருக்கு உரிய முழுக்கூலி தருகிறேன், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். சுண்ணாம்புத் தொட்டி மூடித் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டத்திலிருந்து
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்