வடாம் காய்ந்த கதை

காட்பாடி,
மே 12

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ பதறுவாய். ஆகவே முதலில் இதைப் படித்துக்கொள்: நான் இப்போது நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், மருமகளோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது.

ஏப்ரல் கடைசி வாரம் கூழ் வடாம் போட்டேன். விடியற்காலையில் மாவைக் கிண்டி, ஆறு மணிக்கே மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டேன். ஒன்பதுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. கூழ் மிச்சமாகிவிட்டது. வீணாக்க மனம் வரவில்லை, பதினோரு மணிக்கு இன்னொரு வேட்டியோடு மேலே ஏறினேன். போட்டு முடித்ததும் காக்கை விரட்ட ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கீழேயே இருந்துவிட்டது. ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது என்பது உனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஏப்ரல் 24, 25 வாக்கில் நம் பக்கம் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுமே, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்து 'நிழல் எங்கே போயிற்று, சொல்லுங்கள்' என்று கேட்பேன். அதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு வடாத்தை எண்ண ஆரம்பித்தேன். நாற்பது சொச்சம் போனதும் விட்டுப்போகும். முதலிலிருந்து எண்ணுவேன். மறுபடி விட்டுப்போகும். மூன்று தடவையோ நான்கு தடவையோ. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. லேசான தலைவலி, அவ்வளவுதான்.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவளிடம் நான் எரிந்து விழுந்தேன். என்ன சொன்னேன் என்பதை அவள் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறாள். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளை மேய்த்தவள் நான், ஒரு குழந்தையிடம் அப்படிப் பேசியதில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் நினைவில்லை. வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனாம்.

அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்ட வேண்டும். தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு வாளி தண்ணீரை என் மேல் ஊற்றினாள். அது வெந்நீர்! கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? பிறகு அவளும் அவள் அண்ணனுமாக என்னைக் கீழே தூக்கிவந்து, மண்பானைத் தண்ணீரைப் புடவையோடு ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, அக்குளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியிருந்தது. மாடியில் 40-ஐத் தாண்டியிருக்கும் என்றார் டாக்டர். அந்தப் பானைத் தண்ணீர்தான் வைத்தியம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார். இரண்டு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

கோமதி, இவ்வளவையும் உனக்கு எழுதுவதற்குக் காரணம், அந்த எண்ணிக்கைதான். வெயில் கஷ்டப்படுத்தும், நாம் எழுந்து நிழலுக்குப் போய்விடுவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எழுந்து போ என்று சொல்ல வேண்டிய புத்தியைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. வெயிலில் தவிக்கும்போது ரத்தம் உள்ளிருந்து தோலுக்கு ஓடுகிறது, வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூளைக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. சூடு 40-ஐத் தொடும்போது மூளையே தடுமாறுகிறது. தலைசுற்றலும் சோர்வும் மட்டும் இருந்தால் அது களைப்பு. பேச்சு உளறினால், ஆள் மாறினதுபோல் கோபம் வந்தால், அதுதான் வெப்பத்தாக்கு. அடிபட்டவளுக்கு அது தெரியாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

எதிர்வீட்டு அம்மா காய்ச்சல் மாத்திரையோடு ஓடிவந்தாராம். நல்ல மனசு, ஆனால் அது வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே 'சூட்டை ஏற்று' என்று உத்தரவு போடுகிறது, மாத்திரை அந்த உத்தரவை ரத்து செய்யும். இங்கே மூளை அப்படி ஒன்றும் சொல்லவில்லை, வெளியிலிருந்து வந்த சூடு வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றுவது, காற்று அடிப்பது, ஐஸ் வைப்பது, இவைதான். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வாய். அந்த மரமில்லாத மலைகள்தான் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வட்டியோடு திருப்பிக் கொடுக்கின்றன. ஆனால் உன் தூத்துக்குடியில் 36-தான், 37-தான் என்று பெருமை அடிக்காதே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு உடம்பிலிருந்து போகிறது. ஏறக்குறைய ஏழு கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எங்கள் ஊர் வறண்ட காற்றில் வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். அதில் ஏமாந்துதான் நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். உங்கள் கடல் காற்றில் வியர்வை சொட்டிக் கீழே விழும், குளிர்ச்சி தராது. எங்கள் வெயில் சுடும், உங்கள் வெயில் அவிக்கும்.

பௌதிக ஆய்வகத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று இருக்குமே, நாம் இரண்டு பேரும் அதை உடைத்து அபராதம் கட்டினோமே, வியர்வை காய்ந்து எவ்வளவு குளிர்விக்கும் என்று தெரிய அது காட்டும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரம்தான் தாங்குவார் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது 30, 31-லேயே உடம்பு திணற ஆரம்பித்துவிட்டது. நாம் இளைஞர்கள் இல்லை. வயதானால் தாகமும் குறையும், வியர்வையும் குறையும். உன் வீட்டுக்காரர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது நீர் பிரியும் மாத்திரை என்றால், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உன் தம்பி மனநலத்துக்குச் சாப்பிடும் மருந்தைப் பற்றியும் கேட்டுவிடு. சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியமாக இருந்தால், உடம்பில் நீர் வற்றும்போது அது ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். சித்திரை வந்தால் அவனுக்கு முற்றுகிறது என்று அம்மா சொல்வார்களே, மருந்தின் பங்கும் அதில் இருந்ததா என்று இப்போது நினைக்கிறேன்.

உப்பளத்துக்குப் போகும் பெண்கள் அதிகாலை மூன்று மணிக்கே உன் தெருவைக் கடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வெயிலுக்கு முன்னே வேலையை முடிக்கத்தான் போகிறார்கள். ஆனாலும் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்குமே. அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று ஒருநாள் விசாரித்துப் பார். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்கிற பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பெண்களும் இதையேதான் செய்தார்கள், பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். கேட்டால் தாகமில்லை டீச்சர் என்பார்கள். நீர்க்கடுப்பில் தொடங்கும், வருஷக்கணக்கில் போனால் சிறுநீரகத்தில் போய் நிற்கும். 2024 அக்டோபரில் நம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்ல காரியம். ஆனால் வெயிலில் விழுந்தவரின் சாவுக்கு மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டி வாங்கும்? ஒரு கழிப்பறைக்கு அவ்வளவு செலவாகாது.

இனி ஒரு வேடிக்கை. வெயில் அடித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வைட்டமின் டி குறைவு! வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு! வாரம் ஒரு மாத்திரை, 60,000 யூனிட், எட்டு வாரம். நான் தினமும் காலை ஆறரைக்கு இளவெயிலில் நடப்பவள். அந்த வெயிலில் வைட்டமின் கிடைக்காது என்று டாக்டர் சிரித்தார். தோலில் வைட்டமினைச் செய்கிற புற ஊதாக் கதிர், சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்று மண்டலத்திலேயே வடிந்துபோகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலுக்கு வேலை நடக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை, கறுத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். அப்படியானால் இந்த மே மாதத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். ஒன்றும் செய்யாதீர்கள், மாத்திரை போடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழி நடு மதியத்தில்கூட எங்கள் ஊரில் சூரியன் 53 பாகை உயரத்தில் இருக்கிறது, நிழல் குட்டைதான். மார்கழி, தை மதியத்தில் அரைமணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்தால் போதும். நமக்கு வாய்த்த வசதி இது. ஐரோப்பாவின் வடக்கே இருப்பவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க இது கிடையாது. நீ சாளை மீன் சாப்பிடுகிறவள், உனக்கு அதிலும் கொஞ்சம் கிடைக்கும். எனக்கு மோர்தான்.

அந்த ஆறரை மணி நடை வீண் என்று நினைத்துவிடாதே. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் அது. கண்ணுக்குள் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால் மூளையின் கடிகாரம் நேரம் பார்த்துக்கொள்ளும், ராத்திரி தூக்கம் வேளைக்கு வரும். வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ்தான், வெளியே மர நிழலில்கூட அதைப்போல் பல மடங்கு. ஆகவே வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படி. படுக்கப் போகும்போது கை காலை ஈரத்துணியால் துடைத்துக்கொள். தூக்கம் வர உடம்பு உள்ளே கொஞ்சம் குளிர வேண்டும், அந்தச் சூடு உள்ளங்கை, உள்ளங்கால் வழியாகத்தான் இறங்கும். புழுக்கத்தில் அது இறங்காமல்தான் நீ புரண்டுகொண்டிருக்கிறாய்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பையன் வருகிறான். வந்த அன்றே கிரிக்கெட் மட்டையைத் தூக்குவான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதற்குள் துள்ளாதே என்று சொல்லப்போகிறேன். கேட்கப்போவதில்லை. நான் கேட்டேனா?

உன் ஊர்ப் பதநீர்தான் நினைவிலேயே இருக்கிறது. இங்கே கிடைப்பதில் பாதி தண்ணீர்.

காக்கை தின்றது போக வடாம் இரண்டு டப்பா தேறியது. ஒன்றை உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முதலில் நான்கைந்தை மட்டும் பொரித்துப் பார். மிச்சக் கூழுக்கு உப்பைச் சரிபார்த்தது நினைவிருக்கிறது, போட்டது ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதுதான் நினைவில்லை.

உன்
விசாலம்